அப்பா முணுமுணுத்த பிரார்த்தனை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் நலம்தான். அப்பா தவறிப்போனதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் என் அறையில் தங்கியிருக்கும் வெல்டர் ஏணியிலிருந்து விழுந்துவிட்டான். கால்தான் முறிந்தது, பயப்படாதே. ஆஸ்பத்திரியில், "சொந்தக்காரங்க யாரு?" என்று நர்ஸ் கேட்டதும், "நான்தான்" என்று முன்னால் போய் நின்றேன். நம் தெருவில் யார் நோயில் படுத்தாலும் அப்பா அப்படித்தானே போய் நிற்பார்? எவ்வளவு அலைந்து திரும்பினாலும், நாம் சாப்பிட்டோமா என்று கேட்காமல் செருப்பைக் கழற்றமாட்டார்.

ஆபரேஷனுக்கு முன்னால் வெல்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக சாமிகிட்ட ஏதாவது சொல்லுடா" என்றான். நோயாளியின் தலைமாட்டில் நின்று அப்பா கண்ணை மூடி முணுமுணுப்பாரே, அதில் ஒரு சொல்கூட எனக்குத் தெரியவில்லை.

மயக்கம் தெளிந்ததும், "அப்போ என்னடா முணுமுணுத்த?" என்று கேட்டான்.

"உன் பேரத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். வேற ஒண்ணும் வரல."

"அது போதும்டா" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான்.

எனக்குத்தான் போதவில்லை. அப்பா என்ன சொல்வார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். ஃபோனில் சொன்னால் அழுதுவிடுவேன், எழுதி அனுப்பு. அவர் போர்வையையும் சேர்த்து அனுப்பு. இங்கே குளிரெல்லாம் இல்லை, சும்மாதான்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறார்கள். மருந்தை மறக்காதே.

உன் மகன்