டிப்பர் லாரியின் நான்காவது மூட்டு

1984 ஆகஸ்ட் 14, செவ்வாய்.

யாரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தே, சத்தியம் செய்து இதை எழுதுகிறேன். நாளை பூசை போட்டு அனுப்பவேண்டிய, நான் பாடி கட்டிய டிப்பர், தொட்டியைத் தூக்கினால் நாமக்கல் கோட்டையே கிடுகிடுக்க ஆடியது. இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகள் செல்வி, நான் சொன்ன அளவுகளை வைத்து காலேஜ் கம்ப்யூட்டரில் அந்த லாரியைக் கணக்காகவே கட்டினாள். வெல்டிங் மூட்டெல்லாம் உறுதி என்று முதலில் வைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தாளாம்.

"நாலாவதத் தளர்த்துனா கணக்குலயும் அப்படியே உங்க லாரி ஆடற ஆட்டமுங்க மாமா."

"காயிதத்துல லாரி ஓட்டறவ பேச்சக் கேட்டு புதுப் பெயிண்ட்டச் சுரண்டோணுமா சாமி?"

"சுரண்டுங்க. இல்லாட்டி டிரைவர் ஊட்டுக்கு நீங்கதான் பதில் சொல்லோணும்."

சுரண்டினேன். வெல்டிங்கில் பாதாளம்வரை தெரியும் பிளவு! காலையில் அதைப் பற்றவைத்த பிறகுதான் பூசை.

பாதாளம் பொய். மயிரிழை விரிசல் மட்டும் நிஜம். லாரியைத் தொடாமலே அவள் அதைக் கண்டுபிடித்ததும் நிஜம்.