எறும்பு முத்திரை குத்திய ஐந்து கொக்கிகள்

அன்புள்ள எறும்புக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள், எனக்கு அந்த முதல் வார்த்தையை எழுதப் பேனா நகரவில்லை, அதனால் இரண்டாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன், நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்தக் கிடங்கில் இன்னும் நாள் முழுக்க நின்றுகொண்டேதான் வேலையா. போனில் பேசாமல் இவ்வளவு பெரிய தாளை எடுத்துவைத்து எழுதுகிறாளே, அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை, இடுப்பு மட்டும் என்னைக் கேட்காமல் தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கிறது. போனில் பேசினால் நான் உன்னைச் சிரிக்க வைத்துவிட்டுப் போனை வைத்துவிடுவேன், சொல்ல வேண்டியதைச் சொல்ல மாட்டேன், இரண்டு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். சொல்ல வேண்டியது, படைச் சமையல்காரியின் காலில் கொட்டிய அந்தப் பானையைப் பற்றி. நெருப்புக்கு மேலே அது தொங்கின கொக்கி நீ செய்தது இல்லை. இதோ எழுதிவிட்டேன். இது நாலாவது தாள், முதல் மூன்றும் இந்த வரிக்கு வருவதற்குள் பக்கத்து வீட்டுக் கதையிலேயே நிரம்பிப் போயின.

நம் கொல்லுப் பட்டறைக்கு ஆள் வராத நாள் இல்லை. வாரக் கடைசியானால் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகிற கூட்டம் பெருகிவிட்டது, எல்லாருக்கும் கையால் அடித்த வாணலிதான் வேண்டுமாம், மெஷினில் செய்ததைக் கொண்டுபோனால் மரமெல்லாம் கோபித்துக்கொள்ளும் போலிருக்கிறது. ஒருத்தர் வாணலியைத் திருப்பிக் கொண்டுவந்து துருப்பிடித்துவிட்டது என்றார், என்ன செய்தீர்கள் என்று கேட்டால் சோப்புத் தண்ணீரில் மூன்று நாள் ஊறப்போட்டாராம். உங்களை மூணு நாள் ஊறப்போட்டாலும் இப்படித்தான் ஆவீங்க என்று நான் சொல்ல, உங்கப்பா வாயை மூடு என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். அப்போதெல்லாம் அவர் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் சேனாபதி வந்தார், வாரத்தில் ஐந்து நாள் பல் பிடுங்கிவிட்டு மீதி இரண்டு நாள் இரும்புச் சட்டை மாட்டிக்கொண்டு நானூறு வருஷத்துக்கு முந்தைய போரை வயல்வெளியில் மறுபடி நடத்துகிறாரே, அதே டாக்டர்தான். நேராகப் போர்க்களத்திலிருந்து வந்ததால் சட்டையோடு உட்கார முடியவில்லை, நின்றபடியே டீ குடித்தார், தலைக்கவசத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் கையில் கொடுத்தார், நான் அதில் பிஸ்கட்டைப் போட்டு நீட்டினேன். முகாமில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நெருப்புப் பக்கத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று பாடம் எடுக்கப் போகிறார்களாம், இது ஏன் விட்டுப்போச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவங்களுக்குப் புரியும் என்று உங்கப்பாவிடம் ஒரு துணிப் பொட்டலத்தைக் கொடுத்தார். அந்தக் கொக்கி. நமக்கு வருத்தமாக இருக்குமே என்று இரண்டு வருஷமாக யாருக்கும் காட்டாமல் கட்டுப்பல் வைக்கிற டிராயரிலேயே வைத்திருந்திருக்கிறார், நல்ல மனுஷன்.

அப்பா அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நான் சேனாபதியிடம் இந்தச் சட்டையோடுதான் குளிப்பீங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரிந்ததுதான், கொக்கியின் தண்டைக் காய்ச்சி ஒரு நுனியை வைஸ் இடுக்கியில் பிடித்து முறுக்கும்போது அப்பா முறுக்கினால் வரி வலப்பக்கமாக ஏறும், நீ இடக்கைக்காரி, உன்னுடையது இடப்பக்கமாக ஏறும். பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொன்றையும் கம்பி பிரஷ் போட்டு எண்ணெய் தேய்த்த எனக்கு இது கண்ணில் பட்டதே இல்லை என்றால் நம்புவாயா, நான் பார்க்கிற லட்சணம் அவ்வளவுதான். அப்பா திரும்பி வந்து, இது என் முறுக்கு என்றார். விட்டுப்போன இடத்தைத் தடவிப் பார்த்து, ஜன்னலுக்கு மேல பலகையில வெச்சிருந்தேனே அஞ்சு, அதுல ஒண்ணா இது என்றார். சேனாபதிக்குச் சிரித்த சிரிப்பு அப்படியே என் முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது, பல் டாக்டர் எதிரில் பல்லைக் காட்டிக்கொண்டே, ஆமா என்றேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன், குறுக்கே கதை விடாமல் சொல்லப் பார்க்கிறேன். சேனாபதி பன்னிரண்டு கொக்கி கேட்டிருந்தார், எல்லாம் ஒரே கையால் செய்ததாக இருக்க வேண்டும், பிடித்தால் முகாமின் சமையல் சாமான் மொத்தமும் அந்தக் கைக்குத்தான் என்று சொல்லியிருந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பட்டறைக்காரரும் பன்னிரண்டு செய்துகொண்டிருந்தார், அவர் மனைவி கடைத்தெருவில் என்னைப் பார்த்து, உங்க பொண்ணு இன்னும் அடிச்சு முடிக்கலையா, பாவம் பொம்பளப் பிள்ளைக்குக் கை வலிக்கும்ல என்றாள். அந்த ஒரு வார்த்தையை நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். நீ ஏழு முடித்திருந்தாய். ஏழையும் முறைப்படி மணல் மூட்டை கட்டி உத்தரத்தில் ஒரு முழு நாள் தொங்கவிட்டு, ஒன்றும் அசையவில்லை என்று பார்த்து, அதற்கப்புறம்தான் உன் எறும்பு முத்திரையைக் குத்தினாய். ஏழுதான் ஆச்சு, பொய் சொல்லாம அவர்கிட்டச் சொல்லிடும்மா, நேரம் கொடுத்தா மிச்சத்தைச் செய்றேன் என்று என்னிடம்தான் சொல்லி அனுப்பினாய். நான் அவரிடம் சொல்லவில்லை. அந்த வாரம் அப்பா ஜுரத்தோடு ஐந்து செய்து, மாட்டுகிற காதை வளைத்துக் காய்ச்சி ஒட்டினதில் சூடு போதலை, எனக்குத் திருப்தியில்லை, பிரிச்சு மறுபடி ஒட்டணும் என்று ஜன்னலுக்கு மேலே பலகையில் ஒதுக்கி வைத்திருந்தார். எனக்கு அது காதில் விழுந்தது. பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது, இவருக்கு எதில்தான் திருப்தி, கல்யாணத்தன்று என்னைப் பார்த்தும் இதே முகம்தான் என்று நினைத்தேன். நீ குளிக்கப் போன நேரத்தில் உன் முத்திரையை எடுத்து ஐந்திலும் குத்தி, எண்ணெய் தேய்த்து, பன்னிரண்டாகப் பெட்டியில் அடுக்கி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூட்டை கட்டித் தொங்கவிடவில்லை. உன்னிடம் ஏழே போதும்னு சொல்லிட்டார் என்றேன். அப்பாவிடம் அந்த ஐந்தையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டேன் என்றேன், அவர் அதற்கு என்னைத் திட்டினார், நான் திருப்பித் திட்டினேன். ஆர்டர் உனக்கு வந்த அன்றைக்கு நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய், நான் கீழே இறக்குடி, முதுகு பிடிச்சுக்கும் என்று கத்தினேன், எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் அதற்கு முன்னாலும் இல்லை பின்னாலும் இல்லை. மூன்று வாரம் கழித்துப் பானை விழுந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சேனாபதி, எறும்பு முத்திரைதான் இருந்தது என்று மெதுவாகச் சொன்னபோது நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். காட்டுங்கள் பார்க்கலாம் என்று நீ கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினாய். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பன்னிரண்டில் ஐந்துதானே அவருடையது, ஏழு இவளுடையதுதானே, இவளுடையதாகவும் இருக்கலாம் என்று எனக்குள் ஒரு கணக்குப் போட்டேன். உண்மையைச் சொன்னால் அப்பாவின் ஒட்டு விட்டுப்போனது என்று ஆகும், அவர் தாங்க மாட்டார் என்று இன்னொரு சமாதானம். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே நீ பெட்டி கட்டுவதைப் பார்த்தேன், உனக்கு வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன், சுத்தியலைத் துணியில் சுற்றி பீரோவில் வைம்மா, இனிமே தொடமாட்டேன் என்று நீ சொன்னபோது சரி என்று வாங்கி வைத்தேன். 

சேனாபதி எதிரில் நான் ஆமா என்றதும் அப்பா என்னைப் பார்த்துக் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சரிக்குச் சரி ஆகியிருக்கும். அன்றைக்கே அரத்தை எடுத்து அந்த உடைந்த கொக்கியிலிருந்து உன் எறும்பைத் தேய்த்து எடுத்தார், அந்த இடத்தைக் காய்ச்சித் தன் இலை முத்திரையைக் குத்தினார், ஆறவைத்து மறுபடி அதே துணியில் சுற்றிக்கொண்டு சேனாபதியின் காரிலேயே சமையல்காரி வீட்டுக்குப் போனார். என்னைக் கூப்பிடவில்லை. அடுத்த நாள் சேனாபதியிடம் சொல்லி மிச்சமிருந்த பதினொன்றையும் வரவழைத்தார். முறுக்கைப் பார்த்து ஏழைத் தனியாகவும் நாலைத் தனியாகவும் வைத்தார். நாலையும் வெட்டிப் போட்டார். உன் ஏழையும் உத்தரத்தில் மாட்டி, வழக்கமாக ஒரு மூட்டை கட்டுவோமே, இரண்டிரண்டு கட்டினார். முழு நாள் முடிந்தும் இறக்கவில்லை, இப்போது ஐந்தாவது நாள், ஒரு காது கூட மயிரிழை திறக்கவில்லை. பட்டறைக்குள் நடக்க வழியில்லை, வாடிக்கையாளர்கள் மூட்டைக்கு மூட்டை குனிந்து வருகிறார்கள். அவர் அதன் கீழேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வேலை செய்கிறார். என்னிடம் பேச வேண்டியதை ஃபேனைப் பார்த்துச் சொல்கிறார், சாப்பாடு வெச்சாச்சா என்று ஃபேனைக் கேட்கிறார், நான் ஃபேனுக்காகப் பதில் சொல்கிறேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது. சமையலறைக்குள் போய் நின்றால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

மூன்றாம் நாள் நானே சமையல்காரி வீட்டுக்குப் போனேன். அவள் பள்ளிக்கூட டீச்சர் என்று உனக்குத் தெரியும், இப்போது உட்கார்ந்துதான் பாடம் எடுக்கிறாளாம், அழைப்பு மணி அடித்துவிட்டு நின்றேன், அவள் தடியை ஊன்றிக் கதவுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத்தான் தெரியும். உங்க வீட்டுக்காரர் வந்து என் ஒட்டுதான், சூடு போதலைன்னு சொல்லிட்டுப் போனாரேக்கா, நீங்க எதுக்கு அலையறீங்க என்றாள். அவர் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னோடு பேசாத மனுஷன் என்னைக் காட்டியும் கொடுக்கவில்லை. அதற்கப்புறம் நான் எப்படிச் சும்மா திரும்பி வருவது, பலகையிலிருந்து எடுத்தது நான், முத்திரை குத்தினது நான், தொங்கவிட்டுப் பார்க்காதது நான் என்று முழுக்கச் சொன்னேன். அவள் தடியை ஊன்றி எழுந்தாள். உள்ளே போய் ஒரு கட்டுக் கடிதம் கொண்டுவந்தாள். உன் கையெழுத்து. மாசம் ஒன்று எழுதியிருக்கிறாய், எனக்குத் தெரியாது. எனக்கு நீ அனுப்புவதெல்லாம் நல்லா இருக்கேன் என்கிற இரண்டு வார்த்தைதானே. ஒன்றிலிருந்து ஒரு வரி மட்டும் படித்துக் காட்டினாள், என் கை மேல எனக்கு நம்பிக்கை போயிடுச்சு, வெங்காயம் நறுக்கக்கூட யோசனையா இருக்கு என்று. மிச்சத்தைக் காட்டாதீங்க என்றேன். அதற்கு அவள், நான் எத்தனை தடவை உன் மேல தப்பில்லன்னு எழுதினாலும் நான் ஏதோ பெரிய மனசு பண்ணி எழுதறேன்னு நினைக்கிறா, என்கிட்ட மன்னிப்பு கேக்காதீங்க, அதை நான் அப்புறம் பாத்துக்கறேன், முதல்ல அந்தப் பொண்ணுக்கு எழுதுங்க, போன்ல வேண்டாம், போன்ல நீங்க சிரிக்க வெச்சிடுவீங்க என்றாள். என்னை இரண்டு தடவை பார்த்தவளுக்குக் கூடத் தெரிந்திருக்கிறது.

அதனால் எழுதுகிறேன். உன் கை செய்தது ஒன்றும் விட்டுப்போகவில்லை, அன்றைக்கும் இல்லை, இன்றைக்கு இரண்டு மூட்டை கட்டியும் இல்லை. நீ மறுபடி சுத்தியலைத் தொட வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அதைக் கேட்கிற இடத்தில் நான் இல்லை, உனக்கு அந்தக் கிடங்கு வேலையே பிடித்துப்போயிருந்தால் அதையே செய். ஆனால் பயந்து செய்யாதே. உனக்குப் பெயர் வர வேண்டும் என்றுதான் செய்தேன் என்று இந்த இடத்தில் எழுதி, அடித்துவிட்டு, மறுபடி எழுதியிருக்கிறேன், அது நிஜம்தான், ஆனால் அதை வைத்து நீ என்ன செய்வாய். என்னை மன்னிக்கிற வேலையை உடனே எடுத்துப் போட்டுக்கொள்ளாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. கோபம் வந்தால் வரட்டும், எவ்வளவு நாள் வேண்டுமோ வைத்துக்கொள். அப்பாவுக்கு மட்டும் தனியாக நாலு வரி எழுது, என் பெயரில் வருகிற உறைக்குள் வைத்து அனுப்பாதே, அதை அவர் தொடமாட்டார்.

காலை நனைக்காமல் இரு, அந்த மெல்லிய அடி வைத்த செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல ஷூ வாங்கு. கையும் காலும் நோகாமல், மனதில் பாரம் இல்லாமல், நீ நூறு வயது இருக்க வேண்டும், என் பங்கில் மிச்சம் ஏதாவது நல்லது இருந்தால் அதுவும் உனக்கே வரட்டும். எழுதியாச்சா என்று இப்போதுதான் அப்பா ஃபேனைக் கேட்டார், தபாலில் தானே போய்ப் போடுகிறாராம். நான் போடாமல் விட்டுவிடுவேன் என்று நினைக்கிறார். நியாயம்தான். உறையை ஒட்டாமலே அவர் கையில் கொடுக்கப் போகிறேன், படித்துப் பார்த்து அவரே ஒட்டட்டும்.

இப்படிக்கு,
அம்மா