பதினேழாம் பக்கத்துப் பிழை

குரோம்பேட்டை,
13 ஆகஸ்ட் 2007

ஜெஃப்ரிக்கு,

ஜோவிதா எழுதுவது. உன் நலம் விசாரிக்க எழுதவில்லை. ஹாலந்தில் உதவித்தொகையோடு இருக்கிறவன் நலமாகத்தான் இருப்பாய்.

போன செவ்வாய்க்கிழமை கல்லூரியில் என் ஆய்வுக் குழு கூடியது. ஐந்து வருட உழைப்பை ஆய்வேடாக ஒப்படைக்க அனுமதி கேட்டு நின்றேன். வேதாசலம் சார் உன் கட்டுரையை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஏதோ சின்ன மாநாட்டுத் தொகுப்பில் வந்ததாம். அதனால் என் கண்ணில் படவில்லை. "ஜெஃப்ரி போன வருஷமே இதை எழுதிட்டானேம்மா. பார்த்துத்தான் எழுதினியா?" என்று கேட்டார். நம் இருவருக்கும் வழிகாட்டியாக இருந்தவர், மூன்று பேர் முன்னால் என்னைத் திருடியாகப் பார்த்தார்.

புரட்டினேன். குவாண்டம் கணினியில் தகவலைத் தாங்கும் கியூபிட்டுகளை ஒரே சில்லில் திணிக்காமல், சிறு அலகுகளாகப் பிரித்து ஒளியால் இணைத்தால் எவ்வளவு பெரிதாகவும் கட்டலாம். என் யோசனை, என் படம். தாம்பரம் ரயிலைப் பார்த்து அலகுகளுக்கு நான் வைத்த 'பெட்டி' என்ற பெயரைக்கூட நீ மாற்றவில்லை. ஹாலந்துக்காரர்கள் உன் கற்பனையை மெச்சியிருப்பார்கள்.

பதினேழாம் பக்கம் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பெட்டியில் நேரும் பிழை அடுத்த பெட்டியைத் தொடாது என்று முதலில் எழுதியவள் நான்தான். அது தவறு. எல்லாப் பெட்டிகளையும் இயக்கும் கம்பி ஒன்றே; அதன் வழியாகப் பிழை பரவும். பெட்டிகள் கூடக் கூட மொத்தமும் கெட்டுப்போகும். நீ விமானம் ஏறி இரண்டு மாதம் கழித்து அதைக் கண்டுபிடித்தேன். சரிசெய்ய இரண்டு வருடம் ஆயிற்று. என் நோட்டை நகலெடுத்துப் போன நீ, அந்தத் தவறையும் அப்படியே அச்சேற்றியிருக்கிறாய். ஒரு தடவை கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தச் சிரமம்கூட உனக்கு வேண்டாம்.

கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். தேதியிட்ட நோட்டையும் வைத்தேன். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மன்னிச்சிடும்மா" என்றார். அனுமதி கிடைத்தது. உன் பேராசிரியருக்கு அன்றே எழுதுவதாக இருந்தார். செப்டம்பர் பதினைந்து வரை பொறுங்கள் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். உனக்காக அல்ல.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். "நல்ல ஆஸ்பத்திரியா பார்த்துப் பண்ணிக்கோ" என்று ஃபோனில் சொன்னாயாம். பார்த்ததும் நான், கூட்டிப்போவதும் நான். நேற்று சர்ச் முடிந்து சிட்லபாக்கம் வீட்டுக்குப் போனேன். ரத்தினபாய் ஆன்ட்டி உன் கட்டுரையை பைபிளுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். "கண்ணும் தெரியல, தெரிஞ்சாலும் புரியாது. எம் பையன் என்ன கண்டுபிடிச்சிருக்கான்னு நீ தமிழ்ல சொல்லேன் ஜோவி" என்றார்கள்.

சொன்னேன். ஒரு மணி நேரம், பெட்டி, ஒளி, எல்லாம். என் யோசனையை உன் பெயரில் சொன்னேன். "நல்லா பண்ணியிருக்கான்ல?" என்று கேட்டபோது ஆமாம் ஆன்ட்டி என்றேன். நான் சொன்னதிலேயே அசிங்கமான பொய் அது. "அவன் லீவுல வந்ததும் உங்க ரெண்டு பேருக்கும் சர்ச்சுல கல்யாண ஓலை வாசிச்சிடலாம்" என்றார்கள். கட்டுரையை மடித்து பைபிளுக்குள் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

திருத்திய நிரூபணத்தை இதோடு அனுப்புவேன் என்று எதிர்பார்க்காதே. தவறு எங்கே என்று சொன்னதே அதிகம். சாரின் கடிதம் வருமுன் நீயே உன் பேராசிரியரிடம் போய் ஒப்புக்கொள். பிறகு கிளம்பி வா. கண் கட்டைப் பிரிக்கும் காலையில் அந்த அம்மாள் எதிரே நீ இருக்க வேண்டும். நடந்ததை நீதான் சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன். சொல்ல என்னால் முடியாது, ஜெஃப்ரி.

அதற்கான தைரியத்தைக் கர்த்தர் உனக்குக் கொடுக்கட்டும். நேற்றும் அதற்காகத்தான் ஜெபித்தேன்.

இப்படிக்கு,
ஜோவிதா