நாவூறுக்கு இங்கிலீஷ் தெரியாது

இன்று காலை நெல் அவிக்கும்போது கிடாரத்தின் மூடியைத் திறந்தேன். மொட்டைக்கறுப்பன் நெல்லின் ஆவி முகத்தில் அடித்தது. பக்கத்தில் நீ நிற்பாய் என்று நினைத்து ஒதுங்கி இடம் விட்டேன். நீ செத்து ஒரு போகம் முடிந்துவிட்டது, என் உடம்புக்கு அது இன்னும் தெரியவில்லை.

உனக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. அதற்கு முதல், அந்தக் கொழும்புப் பெண் முதன்முதல் வந்த நாளை நினைத்துப் பார். ஜெயபுரத்தில் நாங்கள் பெண்கள் சேர்ந்து போட்ட அரிசிக் கொட்டிலுக்கு, தன் உணவகத்துக்கு அரிசி தேடி வந்தார். அவருக்குத் தமிழ் வராது. எங்களில் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவள் நீதான். அரிசி எப்படி என்று அவர் கேட்க, நீ யோசிக்காமல் "நொட் பாட்" என்றாய். வேறென்ன சொல்வாய்? வயல் நிறைய விளைந்தாலும் பரவாயில்லை என்றுதானே எங்கள் ஆட்கள் சொல்வார்கள். நல்லதென்று வாய்விட்டால் நாவூறு பட்டுவிடும். அவரோ சுமாரான அரிசி என்று விளங்கிக்கொண்டு, ருசித்துக்கூடப் பார்க்காமல் வாகனத்தில் ஏறிவிட்டார். அந்தப் போகம் நெல்லையெல்லாம் வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்தோம். இன்னொரு முறை அப்படி நடந்தால் கொட்டிலை மூட வேண்டியதுதான்.

நீ அழவில்லை, கோபப்பட்டாய். "நல்லதை நல்லதெண்டு சொல்ல எங்களுக்கு வாய் வருகுதில்லை. நாவூறுக்கு இங்கிலீஷ் தெரியாது, அதிலையெண்டாலும் சொல்லிப் பழகுவம்," என்றாய்.

பிறகு அடுப்படியில் வகுப்புத்தான். நெல்லைத் துழாவிக்கொண்டே ஆளுக்கொரு வசனம். ரைஸ் இஸ் குட். திஸ் இஸ் குட் ரைஸ். வீ ஆர் குட் அட் திஸ். கடைசி வசனம் எனக்குக் கூச்சம். சொல்லும்வரை தேத்தண்ணி தரமாட்டாய். ஆனால் பொய்க்கு அந்தச் சொல்லைப் பாவிக்கவும் விடமாட்டாய். என் சம்பலை நானே குட் என்றபோது, உப்புக் கூடிய சம்பலுக்கு அது பொருந்தாது என்று வெட்டிவிட்டாய். அப்படிப்பட்ட நீ, கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் எழும்ப ஏலாமல் கிடந்தபோது, எப்படியிருக்கிறது என்று கேட்ட டொக்டரிடம் குட் என்றாய். அதை நீ பிழையாகப் பாவித்தது அந்த ஒருமுறைதான். அதில் எனக்கு இன்னும் உன்னோடு கோபம்.

போன கிழமை அந்தப் பெண் திரும்ப வந்தார். கிளிநொச்சியில் ஒரு கலியாண வீட்டில் எங்கள் அரிசிச் சோறு சாப்பிட்டாராம். இந்தப் போகத்து அரிசி எப்படி என்று கேட்டார். மற்றப் பெண்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"குட்," என்றேன். "வெரி குட். வீ ஆர் குட் அட் திஸ்."

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். சோறு போட்டுக் கொடுத்தோம், அவர் இன்னொரு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இந்தப் போகத்து அரிசி முழுவதும் அவருக்குத்தான். கொட்டிலை இனி யாராலும் மூட முடியாதடி.

நேற்றுச் சந்தையில் பளையிலிருந்து வந்த என் மச்சாள் வயல் எப்படி என்று கேட்டா. "நல்ல விளைச்சல் மச்சாள், அரிசியும் நல்ல அரிசி," என்றேன், சுத்தத் தமிழில், சனத்துக்கு நடுவில். யாருக்கும் கேட்டுவிட்டதோ என்று அவா பயந்துபோய்ச் சுற்றிப் பார்த்தா. கேட்கட்டும் என்று இன்னும் சத்தமாக ஒருமுறை சொன்னேன்.