மரம் நட்ட அம்பேத்கர்

ஏப்ரல் 2
பதினான்காம் தேதி விடுமுறை என்பதால் பள்ளியில் அம்பேத்கர் விழா பதினொன்றாம் தேதியே. தலைமையாசிரியர் மாதேஸ்வரன் கூப்பிட்டார். "இன்பமேரி டீச்சர், உங்க எட்டாம் வகுப்பே நடத்தட்டுமுங்க. சட்டம் எழுதினாருன்னு சொல்லுங்க. ஏன் எழுதினாருன்னு போயிராதீங்க."
ஏன் என்பதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கோட்டும் கண்ணாடியும்தான்.

ஏப்ரல் 4
பிள்ளைகள் நாடகம் போடுகிறார்களாம். தடுக்கப்பட்ட பொதுக்குளத்தில் அவர் ஆட்களோடு இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்த கதை. காலனியிலிருந்து வரும் மஞ்சுளாதான் அம்பேத்கர். தடுப்பவள் ஊருக்குள்ளிருந்து வரும் அறிவுச்செல்வி. இருவரும் ஒரே பெஞ்ச், ஒரே தண்ணீர் பாட்டில். தடுக்க வந்தவளுக்கு ஒத்திகையில் சிரிப்பு அடங்கவில்லை.

ஏப்ரல் 7
அறிவுச்செல்வியின் அம்மா சாரதாமணி வந்தார். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர். "நாடகம் போடுங்க டீச்சர், வேண்டாங்கல. கோட்டு நானே தெச்சுத் தாரேன். தண்ணி குடிக்கறது மட்டும் வேண்டாமுங்க, ஊருல பேச்சாயிரும்."
தலைமையாசிரியர் உடனே வழி கண்டுபிடித்தார் — குளத்துக்குப் பதில் மரம் நடுவது!
அம்பேத்கருக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்? வாய் வரை வந்தது. ஏன் விழுங்கினேன்?

ஏப்ரல் 8
வேப்பங்கன்று வந்துவிட்டது.

ஏப்ரல் 11
நீலக் கோட்டில் மஞ்சுளா கன்றை நட்டாள். கைதட்டல். முடிந்தது என்று நினைத்தேன். அவள் நேராக மேடையேறி, விருந்தினர் குடத்தில் மொண்டு ஒரு டம்ளர் குடித்தாள். இன்னொன்றை மொண்டு சாரதாமணியிடம் நீட்டினாள். "கொளம் இல்லீங்க. இதையாச்சும் குடிங்க."
ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டா இவ! விருந்தினராக வந்திருந்த கல்வி அதிகாரியோ அதுவும் நாடகம்தான் என்று நினைத்து, "அருமை, அருமை!" என்று செல்போனை நீட்டிப் படம் பிடித்தார். சாரதாமணி என்ன செய்வார்? சிரித்தபடி குடித்தார்.

ஏப்ரல் 12
தலைமையாசிரியரின் அறிக்கை: 'மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்கள் தாமே முன்வந்து நீர் அருந்தினார்.'

ஏப்ரல் 17
கோட்டைத் திருப்பிக் கொடுக்க மஞ்சுளா அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். சாரதாமணி உபசரித்தாராம், பேப்பர் கப்பில். அறிவுச்செல்வி பார்த்துக்கொண்டே நின்றாளாம்.
"நானு டம்ளர்லதானுங்க டீச்சர் குடுத்தேன்" என்றாள் மஞ்சுளா.

ஜூன் 10
பள்ளி திறந்ததும் சாரதாமணி புகாரோடு வந்தார். "எம்புள்ள டம்ளரையே தொட மாட்டீங்கறாளுங்க. லீவு பூராவும் பேப்பர் கப்புதான். அவங்கப்பா என்னன்னு கேக்கறாரு. நீங்கதான் புத்தி சொல்லோணும்."
"என்னன்னு சொல்லட்டும்?"
எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினார். பிறகு, "அந்த மஞ்சுளாப் புள்ளய ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வரச் சொல்லுங்க" என்றார்.
"எதுல தண்ணி குடுப்பீங்க?" கேட்டேவிட்டேன்.
வராந்தாவில் யாரும் இல்லையே என்று எட்டிப் பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னார்: "டம்ளர்லதானுங்க."