தனியாக இருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி

அன்புத் தங்கை வசந்திக்கு,

நீ போனபின் இரண்டாவது தீபாவளியும் முடிந்துவிட்டது. இங்கே சிங்கப்பூரில், தேக்கா மார்க்கெட்டில் உன் கணவரைப் பார்த்தேன். மீன் வாங்கிக்கொண்டிருந்தார். பேசவில்லை. இனியும் பேசப்போவதில்லை, அதற்காக நீ வருத்தப்படாதே.

அந்தக் காலை எனக்கு மறக்கவில்லை. மாதக்கணக்கில் தூக்கமில்லாமல், சாப்பாட்டை ஒதுக்கி இளைத்துப்போயிருந்த நீ, ஒருவழியாக மனநல ஆலோசகரிடம் பேச ஒப்புக்கொண்டாய். நேரில் போனால் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று வீடியோ அழைப்பு கேட்டாய். ஆங் மோ கியோ வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பிஸ்கட் டின்மேல் போனைச் சாய்த்து வைத்தாய். திரையில் ஆலோசகரான பெண்ணின் முகம் வந்ததும், உன்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த பெரியம்மா உன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"வணக்கம் டாக்டர், சாப்டீங்களா? வீடு எங்க, பாசிர் ரிஸ்ஸா? என் நாத்தனார் அங்கதான் இருக்கா."

உன் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இவளுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். சும்மா ரொம்ப யோசிப்பா லா. நீங்க சொன்னா கேப்பா."

ஆலோசகர் உன்னைத்தான் கேட்டார். "வசந்தி, நீங்க சொல்லுங்க. எப்படி இருக்கீங்க?"

நீ அவர்கள் இருவரையும் பார்த்தாய். "நல்லா இருக்கேன்" என்றாய்.

பக்கத்தில் நின்றிருந்த நான் எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக் கத்தினேன். கோபக்காரன் என்ற பெயர்தான் மிச்சம். அதன்பிறகு ஆலோசகரின் எந்த அழைப்பையும் நீ எடுக்கவில்லை. கரைந்துபோன உடம்புக்கு ஒரு நிமோனியா போதுமாக இருந்தது. "விதி" என்றார் பெரியம்மா. விதிக்கு வேறு வேலையே இல்லையா?

இப்போது ஒரு செய்தி. அந்த மனநல ஆலோசனைச் சேவைக்குப் புதிய செயலி செய்கிறார்கள். குடும்பத்தாரின் கருத்தைக் கேட்கத் தோ பாயோவில் கூட்டம் போட்டார்கள். போனேன். அழைப்பு தொடங்குமுன் 'இப்போது தனியாக இருக்கிறீர்களா?' என்று கேளுங்கள். 'இல்லை' என்றால் படமும் குரலும் நின்று, எழுதிப் பேச வழி வேண்டும் என்றேன்.

செயலியை வடிவமைக்கும் பெண் உதட்டைப் பிதுக்கினார். "அங்கிள், ஆரம்பத்துலயே இன்னொரு ஸ்கிரீன் வெச்சா பாதி பேரு குளோஸ் பண்ணிட்டுப் போயிடுவாங்க லா."

"உங்க அம்மா பக்கத்துல நிக்கறப்போ யார்கிட்டயாச்சும் மனசு விட்டுப் பேசியிருக்கீங்களாம்மா?"

"எங்க அம்மாவா? பாத்ரூம் கதவுக்கு வெளியவே நின்னு கேப்பாங்க!" என்று சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. குறித்துக்கொண்டார்.

சோதனைப் பதிப்பு என் போனுக்கு வந்திருக்கிறது. நேற்றுத் திறந்தேன். கேள்வி வந்தது. "யார்கூடப் பேசறீங்க?" என்று உன் அண்ணி கழுத்தை நீட்டினாள். 'இல்லை'யை அழுத்தினேன். படம் மறைந்து ஒரே ஒரு வரி நின்றது: 'சரி. எழுதுங்கள், அவசரமில்லை.'

அன்று இது இருந்திருந்தால் நீ என்ன எழுதியிருப்பாய், வசந்தி?

அந்தக் கேள்வி செயலியில் நிலைக்குமா என்பது இன்னும் முடிவாகவில்லை. அடுத்த கூட்டத்தில் எடுத்துவிடப் பார்ப்பார்கள். நான் அங்கே இருப்பேன். கோபக்காரன் என்ற பெயர் எப்படியும் எனக்கு இருக்கிறது. அது ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படட்டும். அந்தக் கேள்வியையும் அந்த ஒரு வரியையும் யாரும் அழிக்க விடமாட்டேன். இது உன்மேல் ஆணை.

உன் பதிலை மற்றவர்கள் சொல்லக் கேட்டவன்,
உன் அண்ணன்.