சங்கு எரிந்தபோது நான் கத்தியது

என் உயிருக்கு உயிரான அண்ணனுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இதை யார் படித்தாலும் படித்துக்கொள்ளட்டும், உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அது நடந்து இரண்டு நாளாகிறது.

ஐப்பசியில் நம் சமஸ்தானத்து மகாராஜாவின் பிறந்தநாளுக்கு நாகர்கோவில் மைதானத்தில் வாணவேடிக்கை நடக்குமே, சின்ன வயதில் நாம் போனது நினைவிருக்கிறதா? பள்ளியில் கொடுத்த கருப்பட்டி மிட்டாயைக் கையிலேயே உருகவிட்டுக்கொண்டு, வாணம் மேலே ஏறும்போதே "இது எனக்காக்கும், அடுத்தது உனக்கு" என்று பங்கு பிரிப்பாய். நல்ல நிறமெல்லாம் உனக்கு, புஸ்ஸென்று போவதெல்லாம் எனக்கு. அழுதுகொண்டே வீடு வருவேன். அடுத்த வருஷம் உனக்கு முன்னால் கிளம்பி நிற்பேன்.

பிறகு நீ கதர் உடுத்தத் தொடங்கினாய். "நாடு வேற, ராஜா வேறயாக்கும், ஏட்டி. நாடுன்னா நம்ம ஆளுவ" என்றாய். மக்கள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பாட்சி கேட்டுப் போன ஊர்வலத்தில் ராஜாவின் போலீஸிடம் நெஞ்சில் தடியடி வாங்கி வந்து படுத்தவன், எழுந்திருக்கவே இல்லை.

இந்த வருஷம் நான் டீச்சராகப் பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. வகுப்புக்கு முன்னால் நின்று டீச்சர் மகாராஜா வாழ்த்துச் சொல்ல வேண்டும், பிள்ளைகள் திருப்பிச் சொல்லும். வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானித்துத்தான் போனேன். அம்மாவும் வந்தாள். உன் சாவுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனைக்குத் தவிர வாசல் தாண்டாதவள். "அவனுக்கு வாணம்னா உயிரு. அவனுக்காக நான் பாத்துட்டு வாறேன்" என்றாள்.

பொழுது சாய்ந்ததும் முதல் வாணம் ஏறியது. பச்சை. எவ்வளவு அழகு, அண்ணே! என் ஊர், என் பிள்ளைகள், என் நாடு என்று நெஞ்சு விம்மியது. அடுத்து, மூங்கில் சட்டத்தில் மத்தாப்பால் கட்டியிருந்த ராஜமுத்திரைச் சங்கு தீப்பிடித்து ஜொலித்தது. "மகாராஜா நீடூழி வாழ்க!" என்று யாரோ கத்த, மைதானமே திரும்பக் கத்தியது. யாரது என்று சுற்றிலும் பார்த்தேன். பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான்தான். வருஷா வருஷம் கத்திப் பழகிய வாய், என்னைக் கேட்காமலே கத்திவிட்டது. உன்னை அடித்தவர்கள் சொல்கிற அதே வாழ்த்து!

அம்மா என் கையைப் பிடித்தாள். "ஏட்டி, நீயா விளிச்ச?" என்று மட்டும் கேட்டாள்.

இன்று தலைமையாசிரியை கூப்பிட்டுப் பாராட்டினார். "உங்களுக்க குரல்தான் கணீர்னு கேட்டுது டீச்சர். நாளைக்கு பள்ளிக்கூடக் கூட்டத்திலயும் நீங்களே முன்னால நின்னு சொல்லுங்க." தலையாட்டிவிட்டு வந்தேன். எப்படிப்பட்ட கோழை பார், உன் தங்கை! மாட்டேன் என்றால் வேலை போய்விடும். அம்மாவை எப்படிக் காப்பாற்றுவது?

அம்மாவிடமே சொன்னேன். உலையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மரச்சீனிக் கிழங்கு அவிச்சுத் தின்னா உயிரு போயிராது. அந்த வாழ்த்தை இன்னொருக்க உனக்க வாயிலேருந்து கேட்டா எனக்குப் போயிரும்."

நாளை சொல்ல மாட்டேன், அண்ணே. உன்மேல் ஆணை. ஆனால் வாணவேடிக்கையை வெறுக்க மட்டும் என்னால் ஆகாது. அந்த ஆகாயமும் நம் நாட்டில்தானே இருக்கிறது? அடுத்த வருஷமும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவேன். டீச்சராக இல்லாவிட்டால் என்ன, வேலியோரமாக நின்று, வாயை மூடிக்கொண்டு, கண் நிறையப் பார்த்துவிட்டு வருவோம்.

இப்படிக்கு,
உன்னோடு பிறந்தவள்,
எஸ்தர்